வாய்ப்புண் இருக்கும்போது புளிப்புப் பழங்கள் சாப்பிடலாமா?

கேள்வி: உதட்டின் உட்புறம் புண் வந்து ஐந்து நாட்களாகின்றன. வைட்டமின் சி புண்ணை ஆற்றும் என்று நம்பி தினமும் ஆரஞ்சுச் சாறு குடிக்கிறேன். எரிச்சல் தாங்க முடியவில்லை. தொடரலாமா?

பதில்: வேண்டாம், இன்றே நிறுத்திவிடுங்கள். புண் ஆறிய பிறகு தாராளமாகக் குடிக்கலாம்.

கண்ணாடியில் பார்த்தால், சிவந்த விளிம்புக்கு நடுவே மஞ்சள் கலந்த வெண்மையான படலம் தெரியும். அந்த இடத்தில் வாயின் மேல்தோல் அழிந்து, நரம்பு முனைகள் மறைப்பின்றி இருக்கின்றன. ஆரஞ்சுச் சாற்றின் பிஎச் அளவு (அமிலத்தன்மையைக் காட்டும் எண், குறையக் குறைய அமிலம் கூடும்) ஏறக்குறைய 3.5, எலுமிச்சைச் சாற்றினுடையது 2 முதல் 2.5 வரை, இவ்வளவு அமிலம் நேரடியாகப் படும்போது அந்த நரம்புகள் வலியைத்தான் உணர்த்தும். எரிந்தால்தான் புண் ஆறும் என்று பலர் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனெனில் அந்த எரிச்சலால் புண்ணுக்கு எந்த நன்மையும் இல்லை. அன்னாசியை இன்னும் கவனமாகத் தவிருங்கள். அமிலத்தோடு, புரதத்தைச் சிதைக்கும் புரோமிலைன் என்ற நொதியும் அதில் உண்டு.

திசுக்கள் வளர வைட்டமின் சி தேவை என்பது உண்மையே. ஆனால் அது புளிப்பில் மட்டும் இருப்பதில்லை: நன்கு கனிந்த பப்பாளியில் ஆரஞ்சுக்குக் குறையாத அளவு இருக்கிறது, நாக்கால் நசுக்கினாலே கரைந்துவிடும். வாழைப்பழமும் முலாம்பழமும் உறுத்தாதவை. மேலும், அடிக்கடி புண் வருபவர்களிடம் இரும்புச்சத்து, வைட்டமின் பி12, ஃபோலேட் (இன்னொரு பி வைட்டமின்) ஆகியவற்றின் குறைபாட்டையே முதலில் சோதிக்க வேண்டியிருக்கும்.

தவறிப்போய் புளிப்பு பட்டுவிட்டால் வெறும் தண்ணீரால் கொப்பளியுங்கள். எரிகிறதே என்று உடனே பல் துலக்க வேண்டாம். அமிலத்தால் இளகிய எனாமல் தேயாதிருக்க அரை மணி நேரமாவது பொறுங்கள். ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பிட்டு, நாளைக்கு இரண்டு மூன்று முறை கொப்பளிக்கலாம்.

சாதாரண வாய்ப்புண் ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் தானே ஆறிவிடும். மூன்று வாரம் கடந்தும் ஆறாத புண்ணை, அது வலிக்காவிட்டாலும், மருத்துவரிடமோ பல் மருத்துவரிடமோ கட்டாயம் காட்டுங்கள்.