சைகோனில் என்ன சாப்பிடுவது? நொய்ச்சோற்றில் தொடங்குங்கள்

கேள்வி: ஹோ சி மின் நகரத்துக்கு முதல்முறையாகப் போகிறேன், நான்கு நாட்கள் தங்குவேன். எந்தெந்த வியட்நாமிய உணவுகளைத் தவறவிடக் கூடாது?

ஃபோ என்ற நூடுல்ஸ் சூப்பைப் பட்டியலின் தலையில் வைக்காதீர்கள். ஃபோ அருமையான உணவுதான். ஆனால் அது வடக்கே ஹனோய், நாம் தின் பக்கத்தில் பிறந்தது. 1954இல் நாடு இரண்டாகப் பிரிந்தபோது வடக்கிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் தெற்கே குடிபெயர்ந்தார்கள். சைகோனில் ஃபோ தெருவுக்குத் தெரு பரவியது அதன் பிறகுதான். ஊர்க்காரர்கள் இன்றும் சைகோன் என்றே சொல்லும் அந்த நகரத்துக்கென்று தனிச் சமையல் இருக்கிறது. மேகாங் கழிமுகத்து அரிசியும் மீனும் தேங்காயும் கீரையும் வந்து குவிகிற இடம் அது. வேலை நிமித்தம் அங்கே வாழ்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நான்கே நாட்கள் என்றால் அந்தத் தெற்கத்திச் சமையலுக்கு முதலிடம் கொடுங்கள்.

அதில் முதலாவது கோம் தாம். சாதாரண நொய்ச்சோறு. அரிசி ஆலையில் உடைந்து விலை போகாமல் கிடந்த குருணையை ஏழை விவசாயிகள் பொங்கிச் சாப்பிட்டார்கள். இன்று நகரத்தில் பலருக்கும் அதுதான் காலை உணவு. காலை ஏழு மணிக்கு நடைபாதையோரக் கடை ஒன்றின் முன்னால் போய் நில்லுங்கள். கரி அடுப்பின் கம்பி வலைமேல் பன்றி விலாக்கறித் துண்டுகள் வரிசையாகக் கிடக்கும். மீன் சாறு (மீனை உப்பில் புளிக்கவைத்து வடிப்பது), சர்க்கரை, பூண்டு, எலுமிச்சைப்புல் சேர்த்து ஊறிய இறைச்சி. கொழுப்பு கரியில் சொட்டும்போதெல்லாம் புகை குப்பென்று எழும். சிறிய மின்விசிறி ஒன்று அதைத் தெருப்பக்கம் தள்ளிக்கொண்டிருக்கும். கடைக்கு அதைவிட விளம்பரம் தேவையில்லை. தட்டில் சோறு, அதன்மேல் சூடான எண்ணெயில் வதங்கிய வெங்காயத்தாள், கறித்துண்டு, முட்டையும் கறியும் சேர்த்து ஆவியில் வேகவைத்த ஒரு வில்லை, வறுத்த அரிசி மாவில் புரட்டிய மெல்லிய பன்றித்தோல் இழைகள், புளிப்பூட்டிய கேரட்டும் முள்ளங்கியும். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் இனிப்பான மீன் சாறு. அதைச் சோற்றின்மேல் தாராளமாக ஊற்றிக்கொள்ளுங்கள். நொய் என்பதால் சாறு உடனே இறங்கிவிடும். குச்சி வேண்டாம், கரண்டியும் முள்கரண்டியும் தருவார்கள். சாதாரணக் கடையில் 40 முதல் 60 ஆயிரம் டோங் வரை ஆகும்.

மறுநாள் காலைக்கு ஹூ தியூ நாம் வாங். நாம் வாங் என்பது கம்போடியத் தலைநகர் புனோம் பென்னுக்கு வியட்நாமியர் வைத்திருக்கும் பெயர். அங்கிருந்த சீனர்கள் வழியாக வந்த அரிசி நூடுல்ஸ் இது. இறால், கொத்துக்கறி, ஈரல், காடை முட்டை எல்லாம் போடுவார்கள். ‘கோ’ என்று சொன்னால் நூடுல்ஸைத் தனியாகவும் சூப்பைத் தனிக் கிண்ணத்திலும் தருவார்கள். எனக்கு அப்படிச் சாப்பிடுவதுதான் பிடிக்கும். நூடுல்ஸ் ஊறிப்போகாமல் கடைசி வாய் வரை விறைப்பாக இருக்கும்.

பான் மி பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுச் சென்ற ரொட்டி, நடுவில் கறியும் காய்களும் வைத்து வழியெல்லாம் கிடைக்கும். உங்கள் கண் முன்னால் சூடாக்கித் தருகிற வண்டியில் வாங்குங்கள், அது போதும்.

பான் சேவ் அப்படி அவசரமாகச் சாப்பிடுகிற உணவல்ல. அரிசி மாவில் மஞ்சளும் தேங்காய்ப்பாலும் கலந்து, இறாலும் கறியும் முளைகட்டிய பயறும் வைத்து, ஓரம் மொறுமொறுக்கச் சுட்டு மடித்துத் தருவார்கள். பார்ப்பதற்குத் தோசை போல இருக்கிறதே என்று வெறுமனே பிய்த்துச் சாப்பிட்டால் பாதிச் சுவை போய்விடும். மேசையில் ஒரு கூடை நிறைய இலைகள் வைத்திருப்பார்கள்: கடுகுக்கீரை, புதினா, துளசி இனங்கள், இன்னும் பல. பெரிய இலையில் ஒரு துண்டை வைத்து, சிறிய இலைகளைத் தூவி, சுருட்டி, எலுமிச்சையும் மிளகாயும் சேர்ந்த மீன் சாற்றில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். இதய வடிவில் இருக்கும் ஒரு சிறிய இலையில் பச்சை மீன் வாடை அடிக்கும். முதலில் கொஞ்சமாகக் கடித்துப் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு இரவையாவது வீட்டுச் சமையல் கிடைக்கும் சோற்றுக் கடைக்கு ஒதுக்குங்கள். சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் கவனிக்காமல் விடும் கான் சுவா அங்கேதான் கிடைக்கும். விரால் மீன், புளி, அன்னாசி, தக்காளி, வெண்டைக்காய், சேம்பின வகைத் தண்டு ஒன்று, இறக்கும் நேரத்தில் வாசனைக் கீரையும் வறுத்த பூண்டும். புளிப்பும் இனிப்பும் சேர்ந்த தெளிந்த சாறு அது. கூடவே கா கோ தோ கேளுங்கள். சர்க்கரையைக் கருக விட்டு, மீன் சாறும் மிளகும் சேர்த்து மண்சட்டியில் சுண்டவைத்த மீன். பூண்டு போட்டு வதக்கிய வள்ளைக்கீரையும் வெள்ளைச் சோறும் சேர்ந்துவிட்டால், சைகோன் குடும்பங்கள் அன்றாடம் சாப்பிடுகிற சாப்பாடு உங்கள் முன்னால் இருக்கிறது. என்னைக் கேட்டால் அந்த நகரத்தின் ஆகச்சிறந்த சாப்பாடு இதுதான். நாலு பேராகப் போனால் இன்னும் நல்லது. எல்லாவற்றையும் நடுவில் வைத்துப் பகிர்ந்துதான் சாப்பிடுவார்கள்.

நத்தை, சிப்பி வகைகளில் ஆசை இருந்தால் இரவில் வின் கான் தெருவுக்குப் போங்கள். 4ஆவது மாவட்டம் என்று முன்பு அழைக்கப்பட்ட பகுதி அது.

காபி என்றால் கா ஃபே சுவா டா. ரொபஸ்டா வகைக் காபித்தூள், சொட்டுச் சொட்டாக இறங்கும் சிறிய வடிகட்டி, அடியில் டின் பால், மேலே ஐஸ். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் பசும்பால் அரிதாக இருந்ததால் டின் பால் பழக்கமானது. கடும் கசப்பும் கடும் இனிப்பும் நன்றாகச் சேரும்படி கலக்கிவிட்டுக் குடியுங்கள்.

தமிழர்களுக்காக இன்னொன்றும் சொல்ல வேண்டும். பென் தான் சந்தைக்கு அருகே துரோங் தின் தெருவில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. தோங் து தெருவில் தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் கட்டிய பள்ளிவாசல் இருக்கிறது. புதுச்சேரி, காரைக்கால் பக்கத்திலிருந்து பிரெஞ்சு ஆட்சியில் போன தமிழர்களும் அங்கே வாழ்ந்தார்கள். இந்தியர்கள் வழியாகப் போன கறி அங்கே எலுமிச்சைப்புல்லும் தேங்காய்ப்பாலும் சர்க்கரைவள்ளியும் சேர்ந்து கா ரி கா என்ற கோழிக்குழம்பாகியிருக்கிறது. ரொட்டியைப் பிய்த்துத் தோய்த்துச் சாப்பிடுகிறார்கள். ஒருமுறை சாப்பிட்டுப் பாருங்கள்.

மாட்டிறைச்சியையோ பன்றியையோ தவிர்ப்பவர்கள் பெயர்களைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்: போ என்றால் மாடு, ஹேவ் பன்றி, கா கோழி, தோம் இறால். தமிழில் எழுதினால் மீனும் ‘கா’தான், வியட்நாமிய மொழியில் முதல் ஒலியும் தொனியும் வேறு, எனவே எழுத்தில் காட்டிக் கேட்பது பாதுகாப்பு. சைவர்கள் ‘சாய்’ என்று பலகை மாட்டிய கடைகளைத் தேடுங்கள். அமாவாசையை ஒட்டியும் பௌர்ணமியன்றும் பௌத்தர்கள் பலர் சைவம் சாப்பிடுவதால் அந்த நாட்களில் கூட்டம் அதிகமாக இருக்கும். சாதாரணக் கடையில் கீரை வதக்கலில்கூட மீன் சாறு இருக்கும். சாய் கடையில் அந்தக் கவலை இல்லை, காளானும் டோஃபுவும் வைத்த பான் சேவ்கூடப் பல இடங்களில் கிடைக்கும்.