ஒன்பதாவது படி

கேள்வி: 12 வருடமாகக் காலையில் ஒரே பாதையில் நடக்கிறேன். முதல் இரண்டு மூன்று வருடம் அந்த நடைக்காகவே விழிப்பு வரும். இப்போது கால் நடக்கிறது, மனசு எங்கோ இருக்கிறது. வழியில் என்ன பார்த்தாய் என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது. பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பது இதுதானா? பாதையை மாற்றிவிடலாமா ஐயா?

பதில்: மாற்ற வேண்டாம். புதுப் பாதையும் ஆறு மாதத்தில் பழைய பாதைதான். அப்புறம் அதையும் மாற்ற வேண்டும். அத்தனை பாதைக்கு எங்கே போவீர்கள்?

உங்களிடம் குறை ஒன்றும் இல்லை. கண்ணே அப்படித்தான் அமைந்திருக்கிறது. டிராக்ஸ்லர் என்ற சுவிஸ் மருத்துவர் 1804இல் கவனித்துச் சொன்னது இது: ஒரே புள்ளியை அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தால், ஓரத்தில் இருக்கும் மங்கலான பொருள்கள் சில நொடிகளில் பார்வையிலிருந்து மறைந்துவிடும். ஒரு வெள்ளைத் தாளின் நடுவில் புள்ளி வைத்து, சற்றுத் தள்ளிப் பென்சிலால் லேசாகத் தேய்த்துவிட்டு நீங்களே பார்க்கலாம். நான் பார்த்தேன். தேய்த்த இடம் காணாமல் போனது. கண்ணைக் கொஞ்சம் நகர்த்தினேன், திரும்ப வந்துவிட்டது. 1950களில் இதை இன்னும் கறாராகச் சோதித்தார்கள். எதையாவது உற்றுப் பார்க்கும்போதுகூட நம் கண் நமக்கே தெரியாமல் சன்னமாக அசைந்துகொண்டேதான் இருக்கும். கண் அசைந்தால் பிம்பமும் கூடவே அசையும்படி ஓர் ஏற்பாடு செய்து, அந்த அசைவால் பலனில்லாமல் பண்ணினார்கள். பிம்பம் மங்கி மறைந்துவிட்டது. பொருள் என்னவோ எதிரேயேதான் இருந்தது.

எனக்கு இதில் பிடித்தது, அந்த அசைவு எவ்வளவு சின்னது என்பதுதான்.

நான் 30 வருடம் புரூஃப் திருத்தியவன். ஒரு பத்திரிகையின் தலையங்கப் பக்கத்தில் 'ஆசிரியர் கருத்து' என்று வரவேண்டியது 'ஆசிரியர் கழுத்து' என்று அச்சாகிவிட்டது. பெரிய பெரிய எழுத்து. மூன்று தடவை நானே பார்த்து, கையெழுத்துப் போட்டு அனுப்பிய பக்கம். உள்ளே பொடி எழுத்தில் விடுபட்ட ஒற்றையெல்லாம் பிடித்திருந்தேன். தலைப்பை மட்டும் பார்க்கவே இல்லை. அங்கே என்ன இருக்கும் என்பதுதான் எனக்குத் தெரியுமே! எனக்கு மூத்தவர் ஒருவர் இருந்தார். அவர் திட்டவில்லை. "படிக்காதே, பார்" என்றார். கடைசி வரியில் ஆரம்பித்து ஒவ்வொரு வரியாக மேலே போகச் சொல்லிக்கொடுத்தார். அப்படிப் போனால் அடுத்து என்ன வரும் என்று மனசால் ஊகிக்க முடியாது. ஒவ்வொரு சொல்லையும் கண் தொட்டுத்தான் ஆகவேண்டும்.

உங்கள் நடையிலும் ஊகம்தான் உங்களுக்கு முன்னால் ஓடுகிறது. அதன் காலை வாரிவிடுங்கள். அதே பாதையை ஒருநாள் முடிவிலிருந்து தொடங்கி நடந்து பாருங்கள். இத்தனை நாள் முதுகு காட்டி நின்றதெல்லாம் முகத்தைக் காட்டும். இன்னொரு நாள் காதுக்கு மட்டும் வேலை கொடுங்கள். எல்லாவற்றையும் ரசித்தே தீருவது என்று கிளம்பினால் ஒன்றும் கிடைக்காது. ஒரே ஒரு கேள்வியோடு போனால் போதும். எங்கள் வீட்டு மாடிப்படி மொத்தம் எத்தனை என்பது 20 வருடம் ஏறி இறங்கியும் எனக்குத் தெரியாது. ஒருநாள் எண்ணினேன். 17. அதில் ஒன்பதாவது படி மட்டும் கொஞ்சம் உயரம். என் காலுக்கு இது எப்போதோ தெரிந்திருக்கிறது. அந்தப் படி வந்ததும் தானாகவே ஒரு விரற்கடை கூடுதலாகத் தூக்குகிறது. என்னிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். அன்றைக்கு முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். காரணத்தை வீட்டில் சொல்லவில்லை, சிரிப்பார்கள்.

அந்த ருசியில் தினமும் எண்ண ஆரம்பித்தேன். இரண்டாவது வாரம் பார்த்தால் உதடு எண்ணுகிறது, மனசு வேறெங்கோ. தந்திரமும் பழகினால் புளிக்கும் போலிருக்கிறது. வாரத்துக்கு ஒருநாள் போதும்.

கேள்வி: மிகவும் பிடித்த பாட்டை ஒரே நாளில் பத்துப் பதினைந்து தடவை கேட்டுக் கேட்டு, நானே கெடுத்துக்கொண்டேன். மீட்க வழி உண்டா?

பதில்: உண்டு. கொஞ்ச நாள் அதை உங்களிடமிருந்தே ஒளித்து வையுங்கள். திரும்பக் கேட்கும்போதும் பாதியில் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். 'அட, நல்ல இடத்திலா நிறுத்துவது?' என்று கை வராது. எல்லாருக்கும் அப்படித்தான். லெய்ஃப் நெல்சன், டாம் மேவிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2008இல் இதைப் பற்றி எழுதினார்கள். இடைவெளி விடாமல் மசாஜ் செய்துகொண்டவர்களைவிட, நடுவில் சற்று நிறுத்தித் தொடர்ந்தவர்கள் அதிகம் அனுபவித்தார்கள். ஆனால் முன்கூட்டியே கேட்டால் பெரும்பாலோர் நிறுத்த வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள். நிறுத்தும்போது இன்பம் குறைவதில்லை, பழக்கம்தான் கொஞ்சம் தளர்கிறது.

கேள்வி: துணி மடிப்பது, அலமாரி துடைப்பது போன்ற வேலைகளிலும் மகிழ்ச்சி காணலாம் என்கிறார்களே, முடியுமா?

பதில்: ஏன் காணவேண்டும்? சில வேலைகள் சலிப்பானவைதான், அதில் அவமானம் ஒன்றுமில்லை. மேலே சொன்ன ஆய்வில் இதற்கும் ஒரு பகுதி உண்டு. தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் இரைச்சலை நடுவில் நிறுத்தி மறுபடி கேட்டவர்களுக்குத்தான் எரிச்சல் அதிகமாக இருந்தது. பிடிக்காத வேலையை நிறுத்தாமல் ஒரே மூச்சில் முடித்துவிட்டுப் பாட்டுக் கேட்கப் போங்கள்.

கேள்வி: என் கணவர் ஒரே சம்பவத்தை வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. முகத்தைச் சிரித்தபடி வைத்துக்கொள்வதே பெரும்பாடாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?

பதில்: சிரிக்க வேண்டாம். அவரை இதுவரை யாரும் கேட்காத ஒன்றைக் கேளுங்கள்.

என் அண்ணனிடமும் அப்படி ஒரு கதை உண்டு. முதல் வேலையில் சேர்ந்த அன்றைக்குக் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு, விடிய விடிய நடந்தே வீடு வந்து சேர்ந்த கதை. எங்கே செருப்பு அறும், எங்கே நாய் துரத்தும், எந்த இடத்தில் அண்ணன் கையைத் தட்டுவார் எல்லாம் எனக்கு அத்துப்படி. ஒருநாள் அவர் கையைத் தட்டுவதற்கு முன்னால், வேறு எந்த யோசனையும் இல்லாமல், "அன்றைக்குக் கதவைத் திறந்தது யார்?" என்று கேட்டுவிட்டேன். அண்ணன் பேச்சை நிறுத்தினார். "கதவு திறந்துதான் கிடந்தது. அப்பா வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்" என்றார்.

இத்தனை வருடமாகச் சொன்ன கதையில் அப்பா ஒரு தடவைகூட வந்ததில்லை. அன்று அந்தக் கதை முடிய இரவு 11 மணி ஆனது.