சைக்கிள் ஓட்டும்போது பெயர், அவசர எண், மருத்துவ விவரம் எழுதிய அடையாளப் பட்டை தேவையா? போனில் எல்லாம் இருக்கிறதே?

போனில் இருக்கிறது, சரி. விழுந்த வேகத்தில் போன் எங்கே பறந்தது, திரை உடைந்ததா, சார்ஜ் இருந்ததா என்பதெல்லாம் வேறு கதை. பூட்டிய திரையிலேயே தெரியும் மருத்துவக் குறிப்பை நிரப்பி வையுங்கள். ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

என் ஓட்டு மணிக்கட்டுப் பட்டைக்குத்தான். உதவிக்கு வருபவர் நாடி பார்க்கக் கையைத்தான் பிடிப்பார், கண்ணில் பட்டுவிடும். ஹெல்மெட்டில் ஒட்டினால், அது கழற்றப்பட்டுச் சாலையோரத்திலேயே கிடக்கலாம். சைக்கிள் பையில் வைத்தாலும் அதே கதி.

என்ன எழுதுவது? பெயர், இரண்டு தொலைபேசி எண்கள். வழக்கமாக உங்களோடு சேர்ந்து ஓட்டுபவரின் எண்ணை மட்டும் போடாதீர்கள், அவரும் பக்கத்திலேயே விழுந்து கிடக்கலாம்! பிறகு சிகிச்சையை மாற்றக்கூடியவை: பென்சிலின் ஒவ்வாமை, இன்சுலின் போடும் சர்க்கரை நோய், வலிப்பு, பேஸ்மேக்கர். வார்ஃபரின் போன்ற ரத்த உறைவுத் தடுப்பு மருந்து எடுப்பவர்கள் அதை முதல் வரியிலேயே போடுங்கள்; தலையில் அடிபட்டால் உள்ளே ரத்தம் கசியும் ஆபத்து அவர்களுக்கு அதிகம். ரத்த வகைக்குத்தான் பலர் முதலிடம் கொடுக்கிறார்கள். இடம் மிச்சமிருந்தால் எழுதலாம், ஆனால் மருத்துவமனையில் பட்டையை நம்பி ரத்தம் ஏற்ற மாட்டார்கள், அவர்களே சோதிப்பார்கள். சோதிக்க நேரமில்லாத அவசரம் என்றால், பெரும்பாலும் எல்லோருக்கும் ஏற்றக்கூடிய ஓ நெகட்டிவ் ரத்தம் போன்றதைக் கொடுப்பார்கள்.

பேனாவால் எழுதினால் வியர்வையில் அழிந்துவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டில் பொறித்துக்கொள்ளுங்கள். மருந்தோ எண்ணோ மாறினால் தகட்டையும் மாற்றுங்கள்.