ஆவலோடு படித்து, முடிவில் உங்களை ஏமாற்றிய இளையோர் மர்ம நாவல் எது?

மொரீன் ஜான்சன் எழுதி 2018 ஜனவரியில் வெளிவந்த 'ட்ரூலி டீவியஸ்', மூன்று பாகத் தொடரின் முதல் பாகம்.

மோசமான புத்தகமாக இருந்திருந்தால் ஐம்பதாம் பக்கத்திலேயே மூடிவைத்திருப்பேன், ஏமாற்றம் என்ற பேச்சே எழுந்திருக்காது. நானூறு பக்கங்களுக்கு மேல் கையைப் பிடித்து அழைத்துப் போய், வாசல்வரை வந்ததும் கதவைச் சாத்திக்கொண்ட புத்தகம் இது. இத்தனை ஆண்டுகள் ஆகியும் மனம் ஆறவில்லை.

முதல் பாகத்தின் முடிவைத் தொடாமல் இந்தப் பதிலை எழுத முடியாது. படிக்கும் எண்ணம் உள்ளவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு மலைமேல் எல்லிங்ஹாம் அகாடமி என்ற பள்ளி. கல்வி ஒரு விளையாட்டு என்று நம்பிய ஆல்பர்ட் எல்லிங்ஹாம் என்ற பெரும் பணக்காரர், ரகசிய வழிகளும் புதிர்களுமாக அதைக் கட்டுகிறார். 1936இல் அவருடைய மனைவி ஐரிஸும் சிறு மகள் ஆலிஸும் கடத்தப்படுகிறார்கள். டாட்டி என்ற மாணவி கொல்லப்படுகிறாள். கொல்லும் வழிகளை ஒவ்வொன்றாக ஒரு பாட்டாக அடுக்கி, 'ட்ரூலி, டீவியஸ்' என்று கையொப்பமிட்ட கடிதம் ஒன்றும் கிடைக்கிறது. எண்பது ஆண்டுகள் கழித்து ஸ்டீவி பெல் என்ற பெண், அந்த வழக்கைத் தீர்த்தே தீருவது என்ற முடிவோடு அதே பள்ளியில் சேர்கிறாள். சேர்ந்து சில வாரங்களுக்குள் ஹேய்ஸ் என்ற சக மாணவன் சுரங்கப்பாதையில் இறந்துபோகிறான்.

பழைய கதையின் பின்னால் அமெரிக்காவை உலுக்கிய ஓர் உண்மை வழக்கின் நிழல் இருக்கிறது. விமானி லிண்ட்பெர்கின் கைக்குழந்தை 1932 மார்ச்சில் கடத்தப்பட்டது. ஐம்பதாயிரம் டாலர் கொடுத்தும் குழந்தை உயிரோடு திரும்பவில்லை. அதற்காக ஹாப்ட்மன் என்பவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது 1936 ஏப்ரலில். நாவலின் கடத்தலும் அதே ஆண்டில் நடப்பதைக் கவனித்தபோது, காலத்தை எவ்வளவு கவனமாகத் தேர்ந்திருக்கிறார் என்று வியந்தேன்.

இந்த நாவலை அக்காள் மகளோடு சேர்ந்து படித்தேன். 2018 கோடை விடுமுறை, அவள் ஒன்பதாம் வகுப்பை முடித்திருந்தாள். பகலில் அவள் படிப்பாள், இரவில் நான் அவளை எட்டிப்பிடிப்பேன். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் இடப்பக்கம் 1936, வலப்பக்கம் இன்றைய கதை என்று பிரித்து, யார் எங்கே இருந்தார்கள், யார் சொன்னது யாருடைய பேச்சோடு முரண்படுகிறது என்றெல்லாம் குறித்துவைத்தாள். ஸ்டீவியை அவளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. திடீர் திடீரென்று பதற்றம் வந்து மூச்சுத் திணறும் பெண் ஸ்டீவி, அதற்கு மருந்தும் சாப்பிடுகிறாள். ஆசிரியர் அதை ஒரு குறையாகவும் காட்டவில்லை, கடைசியில் மாயமாக மறைந்துபோகும் ஒன்றாகவும் காட்டவில்லை. தேர்வுக்கு முந்தைய இரவுகளில் தூங்க முடியாமல் தவிக்கும் ஒரு சிறுமிக்கு அது எவ்வளவு பெரிய துணை என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

ட்ரை ஐஸால் நேரும் ஹேய்ஸின் சாவும் நன்றாக யோசித்து எழுதப்பட்டது. ட்ரை ஐஸ் என்பது உறையவைத்த கரியமில வாயு. அது தண்ணீராக உருகாமல் நேரே வாயுவாக மாறும். காற்றைவிடக் கனமான வாயு என்பதால் காற்றோட்டமில்லாத தாழ்வான இடத்தில் தேங்கி நிற்கும், கண்ணுக்கும் தெரியாது. சுரங்கப்பாதையில் அது என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளி வேதியியலே போதும் என்று அவள் துள்ளிக் குதித்தாள்.

இருநூறு பக்கம் கடந்ததும் நோட்டில் மூன்று கேள்விகளைச் சிவப்பு மையில் எழுதினாள். 1936 கடத்தலைச் செய்தது யார்? ஹேய்ஸைக் கொன்றது யார்? ஸ்டீவியின் அறைச் சுவரில் நள்ளிரவில் அந்த மிரட்டல் பாட்டை ஒளியால் எழுதிக்காட்டியது யார்?

கடைசி நாள் மாலை என்னிடம் ஓடிவந்து, "சித்தி, உங்களுக்குப் பயமாக இல்லையா? இருபது பக்கம்தான் மீதி இருக்கிறது, இன்னும் ஒன்றுகூடத் தீரவில்லை" என்றாள். ஆசிரியர்மேல் எனக்கு முழு நம்பிக்கை. கடைசிப் பத்துப் பக்கங்களில் எல்லாம் வந்து பொருந்தும் பார் என்றேன்.

ஒன்றும் பொருந்தவில்லை. ஸ்டீவி ஒருத்தியின்மேல் சந்தேகத்தைச் சொல்கிறாள், அந்தப் பெண் மறைவழியாகத் தப்பிவிடுகிறாள், ஸ்டீவிக்கு நெருக்கமான பையனின் தந்தை யார் என்ற அதிர்ச்சி ஒன்று வருகிறது, அவ்வளவுதான். அடுத்து 'தொடரும்'.

மூன்று பாகத் தொடரில் முதல் பாகத்திலேயே விடை கேட்பது நியாயமா என்று ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். 'தொடரும்' எனக்குப் புதியதல்ல. வாரப் பத்திரிகைத் தொடர்களில் அந்தச் சொல்லைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவள் நான். அங்கே அடுத்த வியாழன் இருந்தது. இங்கே இரண்டாம் பாகம் 2019 ஜனவரியில், மூன்றாம் பாகம் 2020 ஜனவரியில். எல்லா முடிச்சையும் அவிழ்க்கும்படி நான் கேட்கவில்லை. எண்பது ஆண்டு வழக்கை மூன்று பாகத்துக்கும் இழுக்கட்டும், அதற்கு அந்த அகலம் தேவை. ஹேய்ஸின் சாவையாவது ஐயமில்லாமல் முடித்திருக்கலாம். ஒரு கேள்விக்கு முழு விடையும் இன்னொன்றுக்குப் பாதி விடையும் கிடைத்திருந்தால் நாங்களே இரண்டாம் பாகத்துக்குக் காத்துக் கிடந்திருப்போம்.

துப்பறியும் கதைகளுக்கு 1929இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் பத்து விதிகள் வகுத்தார். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே தலைகாட்ட வேண்டும், துப்பறிபவர் தான் கண்ட தடயத்தை வாசகரிடம் மறைக்கக் கூடாது, ரகசிய வழி ஒன்றுக்குமேல் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. (ரகசிய வழிகளை ஜான்சன் அள்ளி இறைத்திருக்கிறார். அதில் எனக்கு மகிழ்ச்சிதான்.) புத்தகம் முடிவதற்குள் விடை சொல்ல வேண்டும் என்ற விதி மட்டும் அந்தப் பத்தில் இல்லை. அதைச் சொல்லவும் வேண்டுமா என்று நினைத்திருப்பார்.

ஜான்சனுக்கு அது முடியாததும் அல்ல. அதே ஸ்டீவியை வைத்து அவர் 2021இல் எழுதிய நாலாவது நாவலில், 1978இல் நடந்த ஒரு முகாம் கொலை வழக்கு அந்த ஒரே புத்தகத்துக்குள் தொடங்கி முடிகிறது. அதைப் படித்தபோது எனக்குக் கோபம் இன்னும் கூடியது. இதையே முதலில் செய்திருக்கக் கூடாதா?

நீங்கள் படிப்பதாக இருந்தால் மூன்று பாகங்களையும் கையில் வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் படியுங்கள். விடைகள் வருகின்றன, பழைய வழக்கின் விடை காத்திருந்ததற்குத் தகுந்ததாகவே இருக்கிறது. நான் அதை எட்டியது 2020 கடைசியில். அக்காள் மகள் அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அன்றிரவே போன் செய்து, "யார் கடத்தினார்கள் என்று சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "நான் யாரைச் சந்தேகப்பட்டேன் என்பதே மறந்துவிட்டது, சித்தி" என்றாள். நோட்டு எங்கே என்று கேட்டேன். வீடு மாறியபோது பழைய பேப்பரோடு போட்டுவிட்டார்களாம்.