தில்லிப் பூங்காவில் காக்கா, புறாவைத் தவிர பார்க்க என்ன இருக்கிறது?

"குளிரில் விடியற்காலையே எழுந்து லோதி கார்டனில் பைனாகுலரோடு சுற்றுகிறார்களே, காக்கா, புறாவைத் தவிர அங்கே என்னதான் இருக்கிறது? வேலை வெட்டி இல்லாதவர்களின் பொழுதுபோக்கா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பைனாகுலர்க் கூட்டத்தில் நானும் ஒருத்தி. அதனால் படித்ததும் சுருக்கென்றது.

நீங்கள் முதல் வேலைக்கோ மாற்றலிலோ இப்போதுதான் தில்லிக்கு வந்த பிள்ளை என்று நினைக்கிறேன். முனிர்காவிலோ மயூர் விகாரிலோ ஒரு அறை, ஞாயிற்றுக்கிழமை ஆர்.கே.புரம் மலை மந்திர், திரும்பி வந்தால் ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வைக்குள். முதல் குளிர்காலம் எல்லாரையும் இப்படித்தான் ஆக்கும். 1994-ல் கல்யாணமாகி வந்தபோது நானும் இரண்டு வருஷம் ஜன்னலைத் திறந்ததில்லை. தம்பி என்றே கூப்பிடுகிறேன், தங்கையாக இருந்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

என்ன இருக்கிறது என்றால், இருவாச்சி இருக்கிறது. நம்மூரில் இருவாச்சி பார்க்க வால்பாறை வரை போகவேண்டும். இங்கே சாம்பல் நிற இருவாச்சி, ஜாகிங் போகிறவர்கள் தலைக்கு மேலேயே அத்திப்பழம் தின்றுகொண்டிருக்கும், ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள். பச்சைப்புறா இருக்கிறது. புள்ளி ஆந்தை பட்டப்பகலில் பொந்து வாசலில் உட்கார்ந்து முறைக்கும். குளிர்காலத்துக்கு மட்டும் இமயமலையிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் இறங்கி வரும் குருவிகள் தனி. கட்டைவிரல் பருமன்தான் இருக்கும், ஓர் இலையில் இரண்டு நொடி தங்காது. அதைப் பார்த்துப் பெயர் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்துக்காரர்களின் மெர்லின் செயலி இலவசமாகக் கிடைக்கிறது. குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும், சில சமயம் தப்பாகவும் சொல்லும்.

வெட்டி வேலை என்பதற்கும் ஒரு வார்த்தை. தில்லியில் பறவை பார்ப்பவர்களுக்கென்று 1950-லேயே ஒரு சங்கம் இருந்தது. ஆரம்பித்தவர் காந்தியின் நண்பரான ஹொரேஸ் அலெக்சாண்டர். இந்திரா காந்தி அதில் உறுப்பினர். அவருக்கு வேலை வெட்டி இல்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். 'பெரிய மனிதர்களைக் காட்டி நியாயம் பேசுகிறாள்' என்று கீழே யாராவது எழுதுவார்கள், எழுதட்டும்.

என் கதை அவ்வளவு பெரிதில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் சர்க்கரை 280 என்று வந்தது. டாக்டர் தினம் ஒரு மணிநேரம் நடக்கச் சொன்னார். நாங்கள் இருப்பது லோதி காலனி குவார்ட்டர்ஸில், பூங்கா பக்கம்தான். 1936-ல் வெள்ளைக்காரர்கள் லேடி வில்லிங்டன் பார்க் என்று பெயர் வைத்துத் திறந்த இடம், 90 ஏக்கர். முதல் மாசம் தரையைப் பார்த்துத்தான் நடந்தேன். முட்டிவலி.

முகம்மது ஷாவின் கல்லறை என்று எட்டுப் பட்டையாக ஒன்று இருக்கிறது, 1444-ல் கட்டியது. மூச்சு வாங்கினால் அதன் படியில்தான் உட்காருவேன். நவம்பரில் ஒருநாள் எதிர்ப்படியில் சிட்டுக்குருவி அளவில் ஒரு கறுப்புக் குருவி. வயிறும் வாலும் செங்கல் நிறம். வந்து உட்கார்ந்ததும் முழங்காலை மடக்குவது மாதிரி ஒரு குனிவு, உடனே வால் மட்டும் கிடுகிடுவென்று நடுங்குகிறது. ஒரு நிமிஷம் சும்மா இருக்கும், மறுபடி குனிவு, நடுக்கம். குளிரில் நடுங்குகிறது என்றே நினைத்துவிட்டேன். அங்கே வேலை பார்க்கும் தோட்டக்காரர், "திர்திரா ஹை, மாதாஜி" என்றார். நடுங்குவதாலேயே அந்தப் பெயராம். ஆங்கிலப் பெயர் பிளாக் ரெட்ஸ்டார்ட் என்று பின்னால் தெரிந்தது. திர்திராவே நன்றாக இருக்கிறது.

தினமும் அதே படி, அதே குருவி. டிசம்பர் கடைசியில் பனிமூட்டத்தில் கல்லறையே தெரியாது, 'டிக் டிக்' என்று குரல் மட்டும் வரும். நவம்பரில் அதன் நெஞ்சில் சாம்பல் பூசினாற்போல் இருந்தது. பிப்ரவரி முடிவில் பார்த்தால் மைக்கறுப்பு. வேறு குருவியோ என்று சந்தேகம். பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்: இலையுதிர்காலத்தில் முளைக்கும் புது இறகின் ஓரம் சாம்பலாக இருக்கும், மாசக்கணக்கில் தேய்ந்து தேய்ந்து உள்ளே இருக்கிற கறுப்பு வெளியே வருமாம். புடவை கட்டக் கட்டச் சாயம் போகும், இதற்குத் தேயத் தேயச் சாயம் ஏறுகிறது. ஒரே பறவையை ஐந்து மாசம் பார்த்ததால்தான் எனக்கு இது பட்டது. ஒரு காலையில் நாற்பது வகை எண்ணிவிட்டுப் போகிறவர்களைக் குறை சொல்லவில்லை, அது அவர்கள் வழி.

பிப்ரவரியில் வெயில் கொஞ்சம் உறைக்க ஆரம்பித்ததும், அதுவரை வாயைத் திறக்காத குக்குறுவான் எங்கேயோ உச்சியில் உட்கார்ந்து 'டொங்க் டொங்க்' என்று பாத்திரக்கடை வைத்துவிடும். அதே சமயம் முள்ளிலவு இலையெல்லாம் உதிர்ந்து மொட்டையாக நின்று பூக்கும். செமல் என்பார்கள் இங்கே. உள்ளங்கை அகலச் சிவப்புப் பூ, 'தொப்'பென்று தலையில் விழும். மைனா, காக்கா, கொண்டைக்குருவி, வால்காக்கை, அணில் எல்லாம் ஒரே மரத்தில், முகமெல்லாம் மகரந்தம். இலவு காத்த கிளி என்று நம்மவர்கள் பழமொழி சொல்லி வைத்திருக்கிறார்களே, இங்கே கிளி ஒன்றும் காத்திருப்பதில்லை. பூவிலேயே பிய்த்துத் தின்று கணக்கை முடித்துவிடுகிறது.

இந்த மரத்தடியில்தான் அது நடந்தது. போன மார்ச் இரண்டாம் வாரம். மைனாக்களுக்கு நடுவில் ஒன்று மட்டும் வேறு மாதிரி. தலை, இறக்கை கறுப்பு. உடம்பு அழுக்கேறிய ரோஜா நிறம், பிடரியில் கலைந்த கொண்டை. பார்த்ததும் வாயிலிருந்து தானாக வந்தது: "சூறைக்குருவி!"

எங்கள் ஊர் நாங்குநேரிக்குத் தெற்கே. சின்ன வயசில் கம்பும் சோளமும் போடுவோம். மழைக்காலம் பிறந்தால் சூறைக்குருவி வந்து இறங்கும், ஒரு பனையில் உட்கார்ந்தால் ஓலை தெரியாது. சோளப்பட்சி என்றும் சொல்வார்கள். வெட்டுக்கிளியைத் தின்னும் வரைக்கும் அப்பா ஒன்றும் சொல்லமாட்டார். கதிரில் உட்கார்ந்தால் கவணை எடுப்பார். எனக்கும் அண்ணனுக்கும் பரண்மேல் தகரடப்பா டியூட்டி. வள்ளி தினைப்புனம் காத்த கதையெல்லாம் கேட்க நன்றாக இருக்கும் தம்பி, கை வலி எங்களுக்குத்தான் தெரியும். அந்தக் குருவியை எனக்கு அடையாளம் தெரியாதா?

பக்கத்தில் ஒரு பையன், முப்பது வயசிருக்கும், முழங்கை நீள லென்ஸ். அவனிடம் கையைக் காட்டி, "குலாபி மைனா" என்றேன். ஹிந்தியில் அப்படித்தான் சொல்வார்கள். அவன் கேமராவை எடுக்கக்கூட இல்லை. "அபலக் மைனா ஆன்ட்டி, யஹான் பஹுத் ஹை" என்றான், இங்கே நிறைய இருக்கிறதாம். அபலக் மைனா கறுப்பு வெள்ளையாக இருக்கும், கண்ணைச் சுற்றி ஆரஞ்சுத் தோல், கொண்டை கிடையாது. அதைச் சொன்னேன். என் ஹிந்தியைக் கேட்டுவிட்டு, "ஆப் மதராஸ் ஸே?" என்று சிரித்தான். முப்பது வருஷமாக இந்த ஊரில் அரிசி வாங்குகிறேன், இன்னும் அந்தக் கேள்வி. இவர்களுக்குச் சின்னதாக எது பறந்தாலும் 'சிடியா', விந்தியத்துக்குக் கீழே யார் பிறந்தாலும் 'மதராஸி'.

நான் ஒன்றும் பேசவில்லை, கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பினேன். பையன் தரையில் மண்டியிட்டு அதே கிளையைச் சுட்டுக்கொண்டிருக்கிறான். கேமராத் திரையைப் பார்க்கிறான், மறுபடி மேலே பார்க்கிறான். என்னைப் பார்த்ததும் லென்ஸுக்கு மூடி போட்டான். அன்று சாயங்காலம் நாங்கள் இருக்கும் பறவை வாட்ஸப் குழுவில் அதே குருவி, அதே பூ: 'இந்த சீசனின் முதல் ரோசி ஸ்டார்லிங், இன்று என் கண்ணில் பட்டது.' எண்பத்திரண்டு கைதட்டல்.

அந்தக் குழுவில் நானும் இருக்கிறேன் என்று அவனுக்குத் தெரியாது. "காட்டிக் கொடுத்த ஆன்ட்டிக்கு நன்றி" என்று போட எழுதிவிட்டு அழித்தேன். போட்டிருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது. 'ஒரு குருவிக்காக இவ்வளவு மனத்தாங்கலா' என்பவர்களுக்கு: குருவிக்காக இல்லை. கறுப்பு வெள்ளை எது, கறுப்பு ரோஜா எது என்று எனக்குக் கண் தெரியாது என்று அவன் முடிவு கட்டினானே, அதற்காக. படம் எடுக்கிறவர்கள் எல்லாரும் இப்படி என்று சொல்லவரவில்லை. எனக்கு அந்தக் கட்டைவிரல் குருவிகளுக்கு, வார்ப்ளர் என்பார்கள், பெயர் சொல்லித் தருவதே ஒரு கேமராக்காரப் பெண்தான்.

காக்கா, புறா என்றீர்களே, புறா பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லை. எங்கள் மாடிக்கு மேல்மாடியில் ஒருவர் தினம் காலையில் ஒரு கிலோ தானியத்தை மொட்டைமாடியில் கொட்டுகிறார், பித்ருக்களுக்குப் புண்ணியமாம். நூறு புறா. அவை தின்றுவிட்டு வந்து உட்காருவது என் பால்கனிக் கம்பியில். துணி உலர்த்த முடியாது, வடாம் போட முடியாது, என் வீட்டுக்காரருக்கு இருமல் நின்றபாடில்லை. வலை அடித்தோம், அதற்கு மேலேயே கூடு கட்டிவிட்டது. சொன்னால், "நீங்களே பறவைப் பிரியர்தானே" என்கிறார். புண்ணியம் அவருக்கு, எச்சம் எனக்கு. குடியிருப்போர் சங்கத்தில் மூன்று முறை எழுதிக் கொடுத்தாயிற்று. சரி, விடுங்கள்.

உங்களுக்கு வேண்டியது: பைனாகுலர் இப்போது வாங்க வேண்டாம். நவம்பரில் ஆரம்பியுங்கள், ஒரே இடத்தில் உட்காருங்கள், ஏழரைக்கு வந்தால் போதும். பனிமூட்டத்தில் ஆறு மணிக்கு வந்து ஒன்றும் தெரியப்போவதில்லை, சளிதான் பிடிக்கும். பிப்ரவரி வந்தால் இலவமரத்தை விடாதீர்கள். ஏப்ரலில் இருவாச்சி பொந்து தேடும். பொட்டை உள்ளே போய் வாசலை எச்சத்தால் பூசிக்கொண்டு அடைகாக்கும், ஆண் பிளவு வழியாகப் பழம் ஊட்டும். அப்போது மட்டும் தயவுசெய்து கிட்டே போகாதீர்கள், யார் லென்ஸ் வைத்துக்கொண்டு போனாலும் நீங்கள் போகாதீர்கள்.

அந்த ஒற்றைச் சூறைக்குருவி வந்த நாலாம் நாள் முப்பது நாற்பது வந்துவிட்டன, மரம் முழுக்க ஒரே கீச்சல். நம்மூர்ப் பக்கம் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வடக்கே மத்திய ஆசியாவுக்குக் குஞ்சு பொரிக்கப் போகிறவை இவை. இதே கூட்டம் எங்கள் ஊரில் மேய்ந்ததுதான் என்று நான் சத்தியம் செய்யவில்லை, அப்படி நினைக்க ஆசையாக இருந்தது, அவ்வளவுதான். மரத்தடியிலிருந்தே அண்ணனுக்குப் போன் போட்டேன். எனக்கு வயசு 56, அவனுக்கு இன்னும் நான் 'ஏட்டி'தான்.

"ஏட்டி, இங்கன அது போயி பத்து நாளாச்சு. அங்கனயா கெடக்கு?"

"இங்கதான் இருக்கு."

"அங்க ஏது சோளம்? என்னத்தத் திங்கிது?"

"இலவம்பூவுல வாய வச்சிக் குடிக்கிதுண்ணே."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் காற்றாலை சுற்றும் சத்தம் கேட்டது, இப்போது எங்கள் காட்டைச் சுற்றி அதுதான் நிற்கிறது. அப்புறம், "டப்பாவத் தட்டிப் பாரு, பறக்கான்னு" என்றான்.