கென்யாவுக்குத் தொண்டு செய்யப் போகிறவர்களின் கேள்விகள்

கேள்வி: சேலத்தில் சமூகப்பணி முதுகலை படிக்கிறேன். கென்யாவில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் மூன்று வாரம் தொண்டு செய்ய ஒரு ஏஜென்சி 1,80,000 ரூபாய் கேட்கிறது. விமான டிக்கெட் தனி. இந்த வாரத்துக்குள் பாதிப் பணம் கட்டினால்தான் இடமாம், கட்டியது திரும்ப வராதாம். கடைசியில் சான்றிதழ் உண்டு. கட்டலாமா?
மாணவி, அஸ்தம்பட்டி

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள். தொண்டு என்று பெயர் வைத்துவிட்டால் கணக்குக் கேட்க நமக்குக் கூச்சம் வந்துவிடுகிறது. அந்தக் கூச்சத்தை நம்பியே கல்லா கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். லீ பஜாரில் மஞ்சள் வாங்கினாலும் ஒரு விரலியை ஒடித்துப் பார்த்துவிட்டுத்தானே விலை பேசுகிறோம்?

1,80,000-இல் உங்கள் தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு, அந்த இல்லத்துக்கு எவ்வளவு, ஏஜென்சிக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டெல்லாம் செல்லாது, மின்னஞ்சலில் வர வேண்டும். இல்லத்தின் பெயர், பதிவு எண் இரண்டையும் வாங்கி நீங்களே அங்கே பேசுங்கள். "எங்கள் வழியாகத்தான் பேச வேண்டும்" என்றால் நகர்ந்துவிடலாம். பணம் போகும் கணக்கு நிறுவனத்தின் பெயரில் இருக்கிறதா, யாரோ ஒருவரின் யுபிஐ எண்ணா என்பதையும் பாருங்கள். "இந்த வாரத்துக்குள்" என்ற அவசரத்தை நான் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன்.

பணத்தை விட எனக்கு உறுத்துவது அந்தக் குழந்தைகள் இல்லம்தான். இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பலருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார்கள். வீட்டில் வறுமை, அதனால் இங்கே வந்தவர்கள். வெளிநாட்டு விருந்தாளிகளின் பணம் வருகிறது என்பதற்காகவே பிள்ளைகளைச் சேர்த்து வைத்திருக்கும் இடங்களும் உண்டு. 2019-இல் ஐ.நா. பொதுச்சபையே இந்த மாதிரித் தொண்டுப் பயணத்தால் வரும் கெடுதலைத் தடுக்கும்படி நாடுகளைக் கேட்டுக்கொண்டது. கென்ய அரசும் பிள்ளைகளை இல்லங்களிலிருந்து குடும்பங்களுக்கே திருப்பி அனுப்ப 2022-லிருந்து 2032 வரை ஒரு திட்டம் வைத்திருக்கிறது. மூன்று வாரத்துக்கு ஒரு புது அக்கா வந்து பாட்டுச் சொல்லிக் கொடுத்து, செல்ஃபி எடுத்து, அழுதபடி விடைபெற்றுப் போனால் அந்தப் பிள்ளைக்கு என்ன மிஞ்சும்?

உங்களிடம் போலீஸ் சரிபார்ப்புச் சான்று கேட்டார்களா? முன்பின் தெரியாத ஆளை அது இல்லாமல் பிள்ளைகளிடம் விடுகிறார்கள் என்றால் அந்த இடத்துக்கு ஒரு ரூபாய் கூடக் கொடுக்க வேண்டாம்.

விசா விஷயமும் இருக்கிறது. 2024 ஜனவரியிலிருந்து கென்யாவுக்கு விசா கிடையாது, இணையத்தில் மின்னணுப் பயண அனுமதி வாங்கிப் போக வேண்டும். ஆனால் அது சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு. சம்பளம் இல்லாத வேலையானாலும் அங்கே தனி அனுமதி வேண்டும், அதை உங்களை அழைக்கும் அமைப்பு ஏற்பாடு செய்ய வேண்டும். "டூரிஸ்ட் என்று போட்டுவிடுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள்" என்று ஏஜென்சி சொன்னால், மாட்டிக்கொள்ளப் போவது நீங்கள்தான், அவர்கள் இல்லை.

ஏற்கெனவே கட்டிவிட்டு விழிக்கிறவர்களுக்கு: ரசீதில் "பணம் திரும்பத் தரப்படாது" என்று அச்சடித்துவிட்டால் கதை முடிந்துவிடாது. சொன்ன சேவை கிடைக்கவில்லை என்றால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். நடக்கவில்லையா, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே, அதாவது சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. ஆனால் எதிராளிக்கு இந்தியாவில் அலுவலகமே இல்லை, வெறும் இணையதளம்தான் என்றால் தீர்ப்பு வாங்கியும் பணம் வாங்குவது கஷ்டம். கட்டுவதற்கு முன் அவர்களின் முகவரியைப் பாருங்கள் என்பது இதற்காகத்தான்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 63. கிசுமு பக்கம் ஒரு பள்ளியில் ஒரு மாதம் ஆங்கிலம் சொல்லித்தர அழைத்திருக்கிறார்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசி அவசியமா? ஸ்வெட்டர், கொசுவலை, மாத்திரை எல்லாம் சேலத்திலேயே வாங்கிவிடலாமா?
வாசகி, ஏற்காடு

பதில்: டீச்சர், ஊசி விஷயத்தில் கெடுபிடி நம் நாட்டில்தான் அதிகம். கென்யாவிலிருந்து சான்று இல்லாமல் திரும்பினால் விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடலாம். மத்திய அரசு அனுமதித்த மையங்களில் போட்டால்தான் சான்று செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். முன்பதிவு செய்துகொண்டு பாஸ்போர்ட்டோடு போங்கள். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்று செல்லுபடியாகும், அதைக் கணக்குப் பண்ணித் தேதி வையுங்கள். 2016-இல் விதி மாறியதால் ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும்.

ஆனால் அறுபது தாண்டி முதல்முறை போடுகிறவர்களுக்கு, அபூர்வமாக என்றாலும், கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு மற்றவர்களை விடக் கூடுதல். முட்டை ஒவ்வாமை இருந்தாலும் சிக்கல். உங்கள் டாக்டரிடம் பேசிவிட்டு அப்புறம் டிக்கெட் போடுங்கள், முதலில் டிக்கெட் வேண்டாம்.

கிசுமு விக்டோரியா ஏரிக்கரையில் இருக்கிறது. கென்யாவில் மலேரியா அதிகமான பகுதி அது. மாத்திரையை மெடிக்கலில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். உதாரணத்துக்கு டாக்ஸிசைக்ளின் என்றால் போவதற்கு ஓரிரு நாள் முன்பே தொடங்கி, அங்கிருந்து கிளம்பிய பிறகும் நாலு வாரம் தினமும் போட வேண்டும். ஊருக்கு வந்ததும் பலர் நிறுத்திவிடுகிறார்கள், கோளாறே அங்கேதான். கொசுவலையில் பூச்சிமருந்து ஊட்டியது என்று இருக்கிறதா என்று பாருங்கள். கொசு க்ரீமின் அட்டையைத் திருப்பி 'டீட்' என்ற கொசுவிரட்டி மருந்து எத்தனை சதவீதம் என்று படியுங்கள், 20-க்குக் குறையாமல் இருப்பது நல்லது.

ஸ்வெட்டர் புதிதாக வாங்க வேண்டியதே இல்லை. கிசுமு வெயில் ஊர். வழியில் நைரோபியில் தங்கினால்தான் குளிரும். அது சுமார் 1,800 மீட்டர் உயரம், உங்கள் ஏற்காட்டை விட 300 மீட்டர் அதிகம். ஏற்காட்டில் போடுவதையே எடுத்துப் போங்கள்.

கேள்வி: மகன் போகிறான். அங்கே கொடுக்கப் பழைய துணி 15 கிலோ, நோட்டு, பேனா, அவனுக்கு முறுக்கு, பருப்புப்பொடி எல்லாம் கவர் கவராகக் கட்டி வைத்திருக்கிறேன். வேறென்ன வாங்கித் தரலாம்?
வாசகி, செவ்வாய்ப்பேட்டை

பதில்: முதலில் அந்தக் கவர்களைப் பிரியுங்கள் அம்மா. கென்யாவில் 2017 ஆகஸ்ட் 28 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை, அபராதமும் பெரிய தொகை. முறுக்குக்கு எவர்சில்வர் டப்பா, மற்றதுக்கு மஞ்சப்பை.

பழைய துணி வேண்டவே வேண்டாம். பணக்கார நாடுகள் கழித்துப்போட்ட துணி அங்கே பேல் பேலாக இறங்குகிறது. மிடும்பா என்று அதற்குத் தனிப் பெயரே உண்டு, நைரோபியின் கிகோம்பா சந்தையே அதில்தான் ஓடுகிறது. நோட்டும் பேனாவும் அங்குள்ள கடையில் வாங்கிக் கொடுக்கட்டும், அந்தக் கடைக்காரருக்கும் வியாபாரம் ஆகும். இங்கிருந்து தூக்கிப்போனால் லக்கேஜ் கட்டணம் பொருளின் விலையைத் தாண்டிவிடும்.

வாங்கித் தருவதானால் மூன்று பட்டைமுள் பொருந்தும் பிரிட்டிஷ் பிளக் அடாப்டர் ஒன்று. பவர் பேங்க் 20,000 எம்ஏஎச் போதும், அதையும் கைப்பையில்தான் வைக்க வேண்டும்.

கேள்வி: டாலராக எவ்வளவு எடுத்துப் போகலாம்?
வாசகர், ஆத்தூர்

பதில்: ரொக்கமாக 3,000 டாலர் வரை வாங்கலாம், ஆனால் அத்தனை தேவைப்படாது. கென்யாவில் பெட்டிக்கடை வரைக்கும் எம்-பெசா என்ற மொபைல் பணம்தான். போய் இறங்கியதும் பாஸ்போர்ட்டைக் காட்டி சிம் வாங்கி அதில் ஏற்றிக்கொள்ளுங்கள். டாலரை உரிமம் உள்ள இடத்தில் பில்லோடு வாங்குங்கள். கிழிந்தது, கிறுக்கியது, பழைய வருடம் அச்சிட்டது இருந்தால் அங்கே வாங்க மறுப்பார்கள். கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன் ஒவ்வொரு நோட்டாகப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.