குறைமாதப் பிள்ளையைத் தொடவே பயமாக இருக்கிறதா?

ஹட்டன் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். 31 வாரத்தில் பிறந்த மகள், 1.4 கிலோ, மூன்று வாரமாக ஆஸ்பத்திரியில் இன்குபேட்டருக்குள் இருக்கிறாள். "கிட்டப் போனாலே கை நடுங்குது, தொட்டால் ஏதாவது ஆகிடுமோன்னு பயம். சில நேரம் இது என் பிள்ளைன்னே தோணுறதில்ல. வயித்தோட மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனதாலதான் இப்படி ஆச்சுன்னு மாமி சொல்றாங்க. நான் என்ன செய்யணும்?"

தங்கச்சி, மாமி சொன்னதை முதலில் இறக்கி வைத்துவிடுவோம். இரத்த அழுத்தம், கிருமித் தொற்று, இரட்டைக் கரு என்று பல காரணங்களால் பிள்ளை முந்திப் பிறக்கலாம், பல பேருக்குக் காரணம் என்னவென்றே தெரியாமல் போகும். கர்ப்பிணிக்குப் பாரமான வேலையைக் குறைத்துக் கொடுக்க வேண்டியது தோட்டமும் வீடும்தான், அந்தப் பழியை உங்கள் தலையில் கட்டுவது எந்த விதத்திலும் நியாயமில்லை.

"என் பிள்ளைன்னே தோணுறதில்ல" என்பதைக் கேட்டு நான் திடுக்கிடவில்லை. பெற்ற உடனே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், அப்புறம் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்த்தீர்கள். அந்த நிலையில் மனசு மரத்துப்போவது நிறையத் தாய்மாருக்கு நடக்கிறது. பாசம் இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. தொடத் தொட, பாலைக் கொடுக்கக் கொடுக்க அது வரும்.

எப்படித் தொடுவது? கையை நன்றாகக் கழுவி, சூடாக்கிக்கொண்டு, ஒரு கையைக் குவித்துத் தலையிலும் மற்றதைப் பாதங்களிலும் வைத்து அப்படியே அசையாமல் இருங்கள். தடவ வேண்டாம், இந்த வயதுப் பிள்ளைக்கு மெல்லத் தடவுவதே தொந்தரவாக இருக்கும். விரல்களை அகல விரித்தாலோ, விக்கல் எடுத்தாலோ, முகத்தைத் திருப்பினாலோ "போதும்மா" என்கிறாள் என்று எடுத்துக்கொண்டு கொஞ்சம் விடுங்கள். நிறம் மாறினால் உடனே நர்ஸ் மிஸ்ஸியைக் கூப்பிடுங்கள். மெதுவாகப் பேசுங்கள், வயிற்றுக்குள்ளேயே அவள் கேட்டுப் பழகிய குரல்தானே.

அடுத்தது, நெஞ்சோடு அணைத்து வைத்திருக்கும் கங்காரு முறை. பம்பரும் தொப்பியும் மட்டும் போட்ட பிள்ளையை உங்கள் வெறும் மார்பில் நிமிர்த்தி வைத்து, முகத்தை ஒரு பக்கம் திருப்பி, மூக்கும் வாயும் மூடாதபடி பார்த்து, துணியால் கட்டிக்கொள்வது. எடுத்து எடுத்து வைத்தால் பிள்ளை களைத்துப்போகும், அதனால் வைத்தால் ஒரு மணித்தியாலமாவது வைத்திருங்கள். இன்குபேட்டர் போதாத கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978இல் தொடங்கிய முறைதான், ஆனால் இல்லாத குறைக்குச் செய்வது என்று இன்றைக்கு யாரும் சொல்வதில்லை. நாளொன்றுக்கு 8 முதல் 24 மணித்தியாலம் வரை செய்யச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. பிள்ளையின் மூச்சும் சூடும் சீராகும், உங்கள் பயமும் குறையும். நாளைக்கே வாட்டில் கேளுங்கள். இப்போது முடியாது என்றால் எப்போது முடியும் என்றும் கேளுங்கள். கணவரும் அப்படி வைத்துக்கொள்ளலாம், அவருக்கும் பயம் இருக்கும், வெளியே சொல்லமாட்டார்.

பாலை, இரவிலும் சேர்த்து, நாளொன்றுக்கு எட்டுத் தடவையாவது பீய்ச்சி எடுங்கள். கொஞ்சமாக வந்தாலும் கொடுங்கள்.

இப்போது உங்களைப் பற்றி. பெற்ற முதல் இரண்டு வாரத்தில் அழுகை வருவது சாதாரணம். அதைத் தாண்டியும் தூங்க வாய்ப்புக் கிடைத்தாலும் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் அது வைத்தியம் பார்க்க வேண்டிய விஷயம். உங்களுக்கு மூன்று வாரம் ஆகிவிட்டதால், தள்ளிப் போடாமல் வாட்டு டாக்டரிடமோ உங்கள் டிவிசனுக்கு வரும் மிட்வைஃப் மிஸ்ஸியிடமோ சொல்லுங்கள். பிள்ளை பெற்ற பிறகு வரும் மனச்சோர்வைக் கண்டுபிடிக்க எடின்பரோ அளவுகோல் என்று 10 கேள்விகள் உண்டு, தமிழிலும் இருக்கிறது, அதைப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகளும் உண்டு. உங்களையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடலாம் என்ற நினைப்பு வந்தால் ஒரு நிமிஷமும் தனியாக இருக்காதீர்கள், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள், 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்குக் கோல் எடுங்கள், இரவிலும் பேசலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு, குளிருக்கென்று காம்பராவுக்குள் கரி நெருப்பு வைக்காதீர்கள், புகை அந்த நுரையீரலுக்கு ஆகாது, உங்கள் நெஞ்சுச் சூடே போதும். லயத்தில் பிள்ளை பார்க்க வருகிறவர்களைக் கொஞ்ச நாளைக்கு வாசலோடு அனுப்பிவிடுங்கள், யாராவது கோபித்தால் டாக்டர் சொன்னார் என்று சொல்லுங்கள். இன்னொன்று, மகள் இரண்டு மாதம் முந்திப் பிறந்தவள், ஆறு மாதத்தில் நாலு மாதப் பிள்ளை செய்வதைத்தான் செய்வாள். பக்கத்துக் காம்பராப் பிள்ளை குப்புற விழுந்துவிட்டதே என்று யாராவது ஒப்பிட்டால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள், மாமிக்கும் சேர்த்து.